காற்றடித்தால் காது கேட்காத இயந்திரம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் என்னிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். நிர்வாகக் குழுவின் தீர்மானம் இல்லாமல், சங்கத்தின் பொதுச் சொத்து ஒன்றை மொட்டை மாடியிலிருந்து அகற்றிவிட்டேனாம். மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நோட்டீஸ் எழுதியும் இருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன். இவ்வளவு மட்டமாக எழுதப்பட்ட ஒன்றை இதுவரை பார்த்ததில்லை. எந்த விதியின் கீழ் என்று இல்லை. பதில் சொல்ல எத்தனை நாள் அவகாசம் என்று இல்லை. அகற்றப்பட்ட பொருள் என்ன என்றுகூட இல்லை. அதை எழுத அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அது ஒரு தகரப் பலகை.

முறைப்படி பதில் எழுதுவேன். அதில் கோபத்துக்கு இடம் கிடையாது. ஆகவே அதற்கு முன் கோபத்தை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

எங்கள் கட்டடம் பட்டினப்பாக்கத்தில் கடலுக்குச் சற்று உள்ளே இருக்கிறது. மாடியில் நின்றால் வடக்கே கலங்கரை விளக்கம் தெரியும், தெற்கே அடையாறு கடலில் சேரும் இடமும் உடைந்த பாலமும் தெரியும். கீழே தெருமுனையில் ஒரு பெண் மீன் விற்கிறாள். என் மனைவி அவளிடம்தான் வாங்குவாள். இருவரும் விலை பேசுவது சண்டை போலவே இருக்கும், முடிவில் இரண்டு நெத்திலி கூட விழும். அவள் வீட்டுக்காரர் ஃபைபர் படகில் தம்பியோடு கடலுக்குப் போகிறவர். விடியுமுன் கிளம்பி, உச்சி வெயிலுக்குள் திரும்பிவிடுவார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு புயல் எதிர்பார்த்ததைவிட முன்னதாக வந்தது. செல்போன் கோபுரங்கள் எல்லாம் ஓய்ந்துபோயின. அன்று பகல் முழுவதும் அந்தப் பெண் மழையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் கரைசேர்ந்தது கோவளத்துக்குப் பக்கத்தில். அந்தச் சேதி அவளுக்கு வர மறுநாள் ஆனது. அதன்பிறகுதான் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தார் என்னிடம் வந்தார்கள். "சார், போலீஸ்காரங்க வச்சிக்கினு பேசறாங்களே, அதுமாரி எங்களுக்கு ஒண்ணு கெடைக்குமா?"

கிடைக்கும் என்றேன். டெல்லிக்கு விண்ணப்பம் அனுப்பினோம். அவர்கள் சந்தேகம் கேட்டார்கள். பதில் அனுப்பினோம். பதிலில் சந்தேகம் கேட்டார்கள். அதற்கும் பதில் அனுப்பினோம். கடைசியில் பஞ்சாயத்தின் பெயரில் உரிமம் வந்தது, நிலையப் பொறுப்பாளராக என் பெயர் போட்டு. இயந்திரமும், படகுகளுக்கும் கரையிலிருக்கும் வீட்டாருக்கும் கைக்கருவிகளும் வாங்கித் தர முன்வந்தவர் தியாகராய நகரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். அவர் மகள் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கிறாள். மாடியில் இடம் கொடுக்கச் செயலாளர் உடனே சம்மதித்தார். மீனவர் மீது அவருக்கு அப்படியொரு பாசம் என்று நினைத்தேன். எங்கள் பழைய லிஃப்ட்டை மாற்றவும் அதே ஜவுளிக்கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இயந்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் பலகையைப் பற்றிச் சொல்ல முடியாது. இதற்கு ரிப்பீட்டர் என்று பெயர். படகிலிருக்கும் கைக்கருவியின் சக்தி குறைவு. கடல் மட்டத்திலிருந்து அது பேசுவது அதிக தூரம் போகாது. ஆகவே உயரத்தில் ஒரு இயந்திரத்தை வைத்து, அந்த நலிந்த குரலை ஒரு அலைவரிசையில் கேட்டு, பக்கத்து அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்ல வைக்கிறோம். கேட்டு முடித்துவிட்டுச் சொல்வதல்ல. கேட்டுக்கொண்டே சொல்வது. தொல்லையெல்லாம் அதில்தான். வாயும் காதும் ஒரே கம்பத்தில் இருக்கின்றன. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் வாசிப்பவரிடம், வாசிப்பை நிறுத்தாமலே, பந்தியில் கடைசி இலைக்காரர் மோர் கேட்டால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்பதைப் போன்ற காரியம் இது. தன் சத்தமே தன் காதை அடைத்துவிடும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. கேட்கும் ஆன்டெனாவைக் கம்பத்தின் உச்சியிலும் அனுப்பும் ஆன்டெனாவை நன்றாகக் கீழேயும் வைத்து விலக்குவது ஒன்று. வேண்டாத அலைவரிசையைத் தடுக்கும் வடிகட்டிகளை மாட்டுவது இரண்டாவது. மூன்றாவது இப்போதைய இயந்திரங்களில் வந்திருக்கும் கழித்தல். தான் என்ன சொல்கிறோம் என்பது இயந்திரத்துக்குத் தெரியுமல்லவா? அது சுவரில் பட்டு, தண்ணீர்த் தொட்டியில் பட்டு எப்படித் திரும்பி வருகிறது என்பதையும் அளந்து வைத்துக்கொள்ளும். காதில் விழுவதிலிருந்து அதைக் கழித்துவிடும். மிச்சமிருப்பது அடுத்தவர் குரல். சுவர் நகராது, தொட்டி நகராது. ஆகவே கணக்கு நிற்கும். நாங்கள் வாங்கியது அப்படிப்பட்ட இயந்திரம். கம்பெனிக்காரர் மாட்டினார், நான் சோதித்தேன். படகுகள் கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்து பேசியது பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல் கேட்டது.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மாடிக்குப் போனேன். கம்பத்துக்கு ஒட்டினாற்போல், இரண்டு கட்டிலை நிறுத்தி வைத்த அகலத்துக்கு ஒரு தகரப் பலகை நின்றது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. "மீனவர் நலன் காக்கும் வயர்லெஸ் சேவை" என்பது சின்ன எழுத்தில். "உபயம்" என்பது நடுத்தர எழுத்தில். அதற்குக் கீழே உபயதாரர் பெயரும் கடைப் பெயரும் சாந்தோமிலிருந்து படிக்கும் அளவில். கோயில் ட்யூப்லைட்டில் பெயர் எழுதி எழுதியே வெளிச்சத்தை மறைக்கிற ஊர் இது. ஆன்டெனாவை மட்டும் விட்டுவைப்பார்களா?

செயலாளரைப் பிடித்தேன். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதும் சிரித்த முகம், அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம்.

"பலகையை அங்க வைக்காதீங்க சார்."

"ஏன் சார்? அது பாட்டுக்கு நிக்குது. பேசுதா, கேக்குதா?"

"தகரம் சார். ரேடியோவுக்கு அது முகம் பாக்கற கண்ணாடி மாதிரி. மெஷின் அனுப்பறதைத் திருப்பி அது காதுலயே அடிக்கும்."

"புது மெஷின் எல்லாத்தையும் தானே கழிச்சுக்கும்னு கம்பெனிக்காரரே சொன்னாரே. நீங்க இன்னும் வால்வ் ரேடியோ காலத்துலயே இருக்கீங்க சார்." சிரித்தார்.

மறுநாள் காற்றே இல்லை. மாலை, பொன்னாடை, பன்னீர், பேச்சு எல்லாம் நடந்தது. இயந்திரமும் குறையில்லாமல் வேலை செய்தது. பலகை அசையாமல் நின்றதால் அதையும் ஒரு சுவராக எண்ணிக் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டது. செயலாளர் மேடையிலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

சில வாரங்களில் மீன்கார அம்மாள் என்னைத் தெருவில் நிறுத்தினாள். கடையில் ஐஸ் பெட்டிக்கு மேல் அவளுடைய வயர்லெஸ் கருவி இருந்தது.

"இன்னா சார், உங்க மிஷின் நல்லா பேசுது, காதுதான் கேக்க மாட்டேங்குது."

"என்ன ஆகுது?"

"நான் கூப்டா கடல்ல அவருக்கு கேக்குதாம். அவரு கூப்டா, 'ஏய்'னு மொத வார்த்த வருது. அப்பால கரகரன்னு எரைஞ்சிக்கினே கீது. இன்னா சொன்னாருன்னு வந்தப்பறம்தான் தெரியுது. வந்தப்பறம் தெரியறதுக்கு இது எதுக்கு சார்?"

"தினமுமா?"

"தெனமும் இல்ல. என்னிக்கு பேசணுமோ அன்னிக்கு."

கம்பெனிக்காரர் வந்தார். அமைதியான காலை நேரம். எல்லாம் சரியாக இருந்தது. சேவை திருப்தி என்று என் கையெழுத்து கேட்டார். "சோதித்த நேரத்தில்" என்ற சொற்களைச் சேர்த்துக் கையெழுத்திட்டேன். பழக்கம். அவர் போன பிறகு மறுபடி புகார் வந்தது, மறுபடி அவர் வந்தார், மறுபடி எல்லாம் சரியாக இருந்தது. பலகை மீது எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் சந்தேகம் ஆதாரமாகாது என்று பணிக்காலம் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்லி வந்தவன் நான். காத்திருந்தேன்.

நிர்வாகக் குழு காத்திருக்கவில்லை. கூடிப் பேசி, மீனவர்களுக்குக் கருவியைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று கண்டுபிடித்தது. சங்கத்தின் அரங்கில் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். பிஸ்கட், டீ, சுவரில் படம். கடலில் எஞ்சினைக் கழற்றி மாட்டுகிறவர்களை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, செயலாளர் பட்டனைக் காட்டினார்.

"இதை நல்லா அழுத்தணும். ஒரு செகண்ட் வெயிட் பண்ணணும். அப்புறம்தான் பேசணும். என்ன?"

மீன்கார அம்மாளின் வீட்டுக்காரர் மெலிந்த உயரமான மனிதர். அதிகம் பேசமாட்டார். அன்று எழுந்து நின்றார்.

"அழுத்தி பேசறது எனுக்கு தெரியும் சார். எங்க வூட்ல அழுத்தி பேசுனாதான் காதுல வாங்குவாங்க."

பின்வரிசையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "இவரு பேசிட்டாலும். குந்து நைனா."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு இயந்திரம் கேட்கவில்லை என்று சொன்னால், பேசுகிறவனைப் பிடித்து வகுப்பில் உட்கார வைக்கிற இந்த வழக்கத்தை நான் எத்தனையோ அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். அது என் வீட்டு மாடிப்படி வரை ஏறி வரும் என்று நினைத்ததில்லை.

ஆடி பிறந்தது, காற்றும் வந்தது. ஒரு காலை சன்னல் கதவுகள் தாமாக அடித்துக்கொண்டபோது கைக்கருவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவள் வீட்டுக்காரர் கடலில் இருந்தார். எதையாவது நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருக்கும்படி அவரிடம் கேட்டுக்கொண்டேன். முதலில் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். அது சலித்துவிட்டது போலிருக்கிறது, மீன் பெயர்களுக்கு மாறினார்.

"வஞ்சி..." கரகரப்பு. "...கரா..." கரகரப்பு.

பலகை காற்றில் அதிர்ந்துகொண்டிருந்தது. தகரத்தை இரும்புச் சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்க வேண்டிய பாதி இடங்களில், ஒப்பந்தக்காரர் கட்டுக்கம்பியை முறுக்கி விட்டிருந்தார். உப்புக் காற்றில் எல்லாம் துருவேறியிருந்தது. இரண்டு கையாலும் தகரத்தைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன்.

"...நெத்திலி, கெழங்கான், காரப்பொடி, சுதும்பு..."

பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல. கையை எடுத்தேன். கரகரப்பு. மறுபடி பிடித்தேன்.

"...நண்டு, எறா, போதுமா சார்? எனுக்கு பசிக்குது."

போதும் என்றேன். விஷயம் இதுதான். இயந்திரம் கத்தும்போது அந்தச் சக்தி பக்கத்திலிருக்கும் தகரத்திலும் ஓடும். துருப்பிடித்த இரண்டு இரும்புகள் காற்றில் தொட்டும் விலகியும் உரசும் இடத்தில் அது புதிதாக ஓர் இரைச்சலை உண்டாக்கும். இயந்திரம் தான் சொன்னதைக் கழிக்கும். தான் சொன்னதைக் கேட்டுவிட்டு இந்தத் தகரம் பிதற்றுவதை எப்படிக் கழிக்கும்? கரையிலிருந்து வரும் உரத்த குரல் அதைத் தாண்டிவிடும், தூரக் கடலிலிருந்து வரும் நலிந்த குரல்தான் அதில் அமுங்கிப்போகும். பேசாது, கேட்காது என்று செயலாளர் சொன்ன பலகை, காற்றடித்தால் பேசிக்கொண்டே இருந்தது. காற்றில்லாத நாளில் படகுக்காரருக்குப் பேச வேண்டிய அவசியமில்லை. காற்றுள்ள நாளில் பேச முடியாது.

இதைச் செயலாளரிடம் சொன்னேன். மாடிக்கு வாருங்கள், காட்டுகிறேன் என்றேன். முழங்கால் வலி என்றார்.

"எடுத்தா அண்ணாச்சி மனசு நோகும் சார். லிஃப்ட் வேற பேசிட்டிருக்கோம். அடுத்த கமிட்டி மீட்டிங்ல அஜெண்டாவுல போடறேன்."

"அதுக்குள்ள கடல்ல யாருக்காவது ஏதாவது ஆனா?"

"கடல்னா ரிஸ்க் இருக்கத்தானே சார் செய்யும். நாம வந்து இந்த மெஷினை வைக்கறதுக்கு முன்னாடி அவங்க போகலையா?"

அன்று அவரிடம் மேற்கொண்டு பேசாமல் வந்தேன். பேசியிருந்தால் நோட்டீஸ் முன்பே வந்திருக்கும்.

நேராக உபயதாரரையே பார்த்துவிடுவது என்று பஸ் பிடித்துத் தியாகராய நகர் போனேன். ஆடித் தள்ளுபடி. கடை வாசலில் ஊரே நின்றது. காலில் மிதிபட்டு, முதுகில் புடவைப் பைகள் இடிபட்டு, ஒருவழியாக அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டார்.

"வாங்க சார். காபி சாப்புடுதியளா?"

குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். எங்கள் கட்டடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"நான் ஓரமா சின்னதா எழுதினாப் போதும்னுதான் சார் சொன்னேன். உங்க செகரெட்டரிதான், இல்ல அண்ணாச்சி, பெருசா வைப்போம், கப்பல்ல போறவனும் படிக்கணும்னாரு." சற்று யோசித்தார். "ஆனா வச்சதை எறக்குனா நல்லா இருக்காதுல்லா? ஆடாம இருந்தாப் போதும்னு சொல்லுதிய. நம்ம ஆளை விட்டு வெல்டிங் அடிச்சிருவோம்."

வெல்டிங் அடித்தால் பெரும்பாலும் குறை தீரும் என்பது உண்மை. அதையாவது உடனே செய்யுங்கள் என்றேன்.

"ஆடி கழியட்டும் சார். ஆளுக பூரா இப்ப கடையிலதான் கெடக்கு."

ஆடிக் காற்றுக்கான வேலையை ஆடி கழிந்ததும் செய்யலாம் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வியாபாரி, அவருக்கு ஆடி என்றால் அதுதான். அவரிடம் பெரிய பலகையை விற்றவர் மேல்தான் வந்தது.

திரும்பி வந்ததும் நைலான் கயிறு வாங்கி, பலகையைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். கரகரப்பு அடங்கியது. மீன்கார அம்மாள் ஒரு முழு வாரம் என்னைப் புகழ்ந்தாள், என் மனைவிக்கு அவள் கேட்காமலே நெத்திலி கூட விழுந்தது. அதன்பிறகு ஒருநாள் போய்ப் பார்த்தால் கயிறு இல்லை. உபயதாரர் பெயருக்குக் குறுக்கே கயிறு போவது பார்க்க நன்றாக இல்லையாம். செயலாளர் அவிழ்க்கச் சொல்லிவிட்டார். அவிழ்க்க முழங்கால் வலிக்கவில்லை, ஆள் அனுப்பினார். அதோடு மாடிக் கதவுக்குப் பூட்டும் போட்டாயிற்று. சாவி வேண்டுமானால் காவலாளியின் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும், செயலாளர் கையெழுத்திட வேண்டும்.

அடுத்த காற்று நாள் முற்பகலில் என் வீட்டு மணி விடாமல் அடித்தது. மீன்கார அம்மாள் நின்றாள். கையில் கருவி, கையெல்லாம் செதில்.

"சார், அவரு கூப்டறாரு சார். 'எஞ்சின்'னு மட்டும் காதுல வுழுந்துது. அப்பால ஒண்ணியும் புரியல. மறுபடி மறுபடி கூப்டறாரு."

கருவியைக் காதில் வைத்தேன். ஒரு சொல்லின் முதல் பாதி, பிறகு கரகரப்பு. மறுபடி ஒரு பாதி. நடுவில் "தண்ணி" என்று கேட்டது. கரையோரமாக வந்துவிட்ட இன்னொரு படகிலிருந்து ஒருவர் "எங்க கீற மாமா? எங்க கீற?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தேவை ஒரே ஒரு விஷயம், இடம். அதுதான் வரவில்லை.

அவளும் நானும் கீழே காவலாளியிடம் ஓடினோம்.

"சாவி குடுப்பா."

"சார், செகரெட்டரி சார் கையெழுத்து..."

"அவர் எங்க?"

"பேங்குக்குப் போயிருக்காரு சார்."

மீன்கார அம்மாள் அவனைப் பார்த்துச் சொன்னாள். "தோ பாரு நைனா. எம்புருசன் கடல்ல கீறாரு. உன் நோட்டு இங்கதான் கீது, எங்கியும் போவாது. சாவிய குடு, அப்பால எழுதிக்கினே குந்து."

அவன் சாவியைக் கொடுத்தான். அவனுக்கும் வீட்டில் யாரோ எங்கோ வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள்.

லிஃப்ட் ஓடவில்லை. படியேறினோம். மாடியில் காற்று ஆளைத் தள்ளியது. பலகை பறை போல் அடித்துக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் பெட்டிச் சாவி கம்பெனிக்காரரிடம் இருந்தது, அதை நிறுத்துவதிலும் பயனில்லை. நிறுத்தினால் நடுவில் சேதி சொல்ல ஆளே இருக்காது. கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு முனையைப் பிடித்தேன்.

"அந்தப் பக்கம் போய் தகரத்தை சட்டத்தோட சேத்து அழுத்தும்மா. முழு பலத்தோட. விடாதே."

அவள் போய் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். உபயதாரரின் முன்னெழுத்து என் கன்னத்தில், கடைப் பெயரின் கடைசி எழுத்து அவள் கன்னத்தில். பலகையின் நடுப்பகுதி இன்னும் அதிர்ந்தது. என் காலைத் தூக்கி அங்கே வைத்து அழுத்தினேன். இந்த வயதில் இப்படி ஒரு காலில் நின்றதை என் மனைவியிடம் இதுவரை சொல்லவில்லை.

கரகரப்பு அடங்கியது.

"...எஞ்சின் நின்னுச்சு, பக்கவாட்டுல அடிச்சி தண்ணி உள்ள ஏறுது, மொண்டு ஊத்திக்கினு கீறோம். லைட்டவுசு வடக்கால தெரியுது. ஒடஞ்ச பாலத்துக்கு நேர் கெழக்க கீறோம். கேக்குதா? ஒடஞ்ச பாலத்துக்கு நேர் கெழக்க."

"கேக்குது மாமா. தோ வந்துகினே கீறேன். கைல வெள்ள துணி இர்ந்தா ஆட்டு."

நாங்கள் இருவரும் பேசவில்லை. பேசப் பட்டனை அழுத்தக் கை வேண்டும், கை பலகையில் இருந்தது. கேட்டுக்கொண்டு மட்டும் நின்றோம். வெகுநேரம் கழித்து அந்த இன்னொரு படகுக்காரரின் குரல் வந்தது. "துணி தெரியுது. கயிறு வுடறேன், புடிச்சிக்கோ."

கயிறு கட்டியாயிற்று என்று அவள் வீட்டுக்காரர் சொன்னதும் அவள் கேட்டாள்.

"கைய எடுக்கலாமா சார்?"

"வேணாம். கரைக்கு வரட்டும்."

அவள் எடுக்கவில்லை. தகரத்தில் கன்னத்தை வைத்தபடி கடலைப் பார்த்தாள். படகுகள் பாலத்துக்குப் பக்கத்தில் மணலைத் தொட்டன என்று சேதி வரும் வரை அப்படியே நின்றோம். என் கைகள் மரத்துவிட்டன.

காவலாளி மேலே வந்து நின்றிருந்தான். மோட்டார் அறையில் இருக்கும் ஸ்பானரைக் கொண்டுவரச் சொன்னேன். மறுபேச்சு பேசாமல் போய்க் கொண்டுவந்தான். பாதி இடத்தில் கட்டுக்கம்பி என்பதால் வேலை சீக்கிரம் முடிந்தது. ஒப்பந்தக்காரரின் சோம்பேறித்தனம் எங்களுக்கு உதவிய ஒரே இடம் அது. கடைசித் திருகாணியில் இருக்கும்போது செயலாளர் மாடி வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். முழங்கால் அன்று நன்றாக ஒத்துழைத்தது.

"என்ன சார் இது? கமிட்டி தீர்மானம் இல்லாம..."

"உரிமம் பஞ்சாயத்து பேர்ல இருக்கு. நிலையத்துக்குப் பொறுப்பு நான். சிக்னலுக்கு இடைஞ்சலா இருக்கறதை எடுக்கறது என் கடமை, உரிமத்தோட நிபந்தனையில இருக்கு. உங்க தீர்மானம் கட்டடத்துக்கு. அலைக்கு இல்லை."

"அண்ணாச்சிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மீன்கார அம்மாள் புடவையில் துருவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பேரு தெரியணும், அவ்ளோதானே சார்? நான் எம்புள்ளைங்களுக்கு அவரு பேர சொல்லி வைக்கறேன். பலகைய நீ எட்த்துக்கினு போ."

அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆகவே நானும் காவலாளியும் அதைப் படி வழியாக இறக்கி, செயலாளர் வீட்டு வாசலுக்கு எதிரே, பெயர் அவர் கதவைப் பார்த்தபடி சாய்த்து வைத்தோம். கதவைத் திறக்கும்போதெல்லாம் அவர் படிக்கலாம். அன்று மாலையே உபயதாரர் எனக்குப் போன் செய்தார். "எறக்கிட்டியளாமே சார்." ஆமாம் என்று நடந்ததைச் சொன்னேன். "சரி, அப்போ வெல்டிங் வேண்டாம்" என்று வைத்துவிட்டார்.

இனி நோட்டீஸ். பலகையைப் புதிய சட்டத்தோடு மறுபடி அதே இடத்தில் வைப்பது என்று குழு தீர்மானிக்கப் போவதாகக் கேள்வி. வைக்கட்டும். அதற்கு முன் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும், முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், உரிமதாரரான பஞ்சாயத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அவர்கள் என்னென்ன தவறு செய்வார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும்.

இன்று காலையும் காற்று. காபி குடித்துக்கொண்டிருந்தபோது மேசை மேல் இருந்த கருவியில் மீன்கார அம்மாளின் குரல் வந்தது.

"சார், பலகைய திரும்ப வைக்கப் போறாங்களாமே?"

"வைக்கட்டும்மா."

"வச்சா?"

பட்டனை அழுத்தி, செயலாளர் கற்றுக்கொடுத்தபடி ஒரு நொடி பொறுத்தேன்.

"ஸ்பானர் எங்கிட்டதான் கீது" என்றேன்.

கடலிலிருந்து யாரோ சிரித்தார்கள். அதுவும் தெளிவாகக் கேட்டது.